வறுமை ஏன் வருகிறது, அரசு செலவு செய்தால் தீருமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் பற்றி வகுப்புகளிலும் கூட்டங்களிலும் பேசிவருகிறவன் நான். அன்றைய தலைப்பு வரியாக இருக்கட்டும், வங்கியாக இருக்கட்டும், கேள்வி நேரம் தொடங்கியதும் பேச்சு வறுமையில் வந்து நிற்கும். பல ஆண்டுகளாக ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்புக் கேள்விகள் பின்னால்.

வறுமைன்னா கையில காசு இல்லாததுதானே? இதுல விளக்க என்ன இருக்கு?

காசு இல்லாதது பாதி. இரண்டு குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரே தொகையைச் சம்பாதிக்கின்றன என்று வையுங்கள். ஒன்றுக்கு மாதாமாதம் குறைவாக, ஆனால் தவறாமல் வருகிறது. இன்னொன்றுக்கு ஒரு மாதம் நிறைய, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. கடனில் விழுவது இரண்டாவது குடும்பம்தான். வருமானம் குறைவு, அது எப்போது வரும் என்று தெரியாதது, ஓர் அடி விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கையிருப்பு இல்லாதது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வறுமை.

ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களும் 2010 முதல் 'பல பரிமாண வறுமை' என்று ஓர் அளவை வெளியிடுகிறார்கள். அதில் வருமானத்தையே கேட்பதில்லை. வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா, ஊட்டச்சத்து எப்படி, குடிநீர், கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிபொருள் உண்டா என்று 10 விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

வறுமைக் கோட்டை யார் போடுறாங்க? எந்தக் கணக்குல?

உலக வங்கி ஒன்றைப் போடுகிறது, ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. உலக வங்கியின் கோடு 2025 ஜூன் முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். இது வங்கியில் மாற்றுகிற டாலர் கணக்கில்லை. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு வாங்க முடியுமோ, அவ்வளவை உள்ளூரில் வாங்க ஆகும் தொகை. மிக ஏழை நாடுகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கோடுகளைப் பார்த்து, வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்கும் மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கோட்டுக்குக் கீழே இன்று உலகில் சுமார் 80 கோடிப் பேர் இருக்கிறார்கள். இதே அளவுகோலில் 1990-ல் 200 கோடிக்கு மேல்.

அமெரிக்காவின் கோட்டுக்கு ஒரு வேடிக்கையான பிறப்புக் கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் மாலி ஆர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர், குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுவதைக் கண்டு, மலிவான உணவுப் பட்டியலின் விலையை மூன்றால் பெருக்கினார். அவ்வளவுதான். இன்று உணவின் பங்கு சுருங்கிவிட்டது, வாடகையும் மருத்துவமும் வீங்கிவிட்டன. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்களே தவிர, அடிப்படைக் கணக்கு அதேதான். ஐரோப்பாவில் வேறு வழி: நாட்டு மக்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை அபாயத்தில் இருப்பவர். யாராவது வறுமை இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொன்னால், எந்தக் கோட்டுக்கு என்று முதலில் கேளுங்கள்.

உழைக்கிறவன் முன்னேறுறான், சோம்பேறி ஏழையா இருக்கான். இதுல என்ன சந்தேகம்?

எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி. பெரும்பாலும் உழைத்து முன்னேறியவர்தான் கேட்பார், அதனால் கோபம் வருவதில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 1899-ல் சீபோம் ரவுன்ட்ரீ என்பவர், இங்கிலாந்தின் யார்க் நகரத் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். அவரே பெரிய சாக்லேட் ஆலை முதலாளியின் மகன், ஏழைகளுக்காகப் பரிந்து பேசியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாதவர். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடப் போதாத வருமானத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வீட்டில் சம்பாதிப்பவர் தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கூலிதான் போதவில்லை. அடுத்த காரணங்கள் பெரிய குடும்பம், சம்பாதித்தவரின் மரணம்.

சோம்பேறிகள் இல்லையா? இருக்கிறார்கள், எல்லா வருமான மட்டத்திலும். வசதியான வீட்டுச் சோம்பேறிக்குக் குடும்பச் சொத்து முட்டுக் கொடுக்கிறது. ஏழை வீட்டுச் சோம்பேறி நம் கண்ணில் படுகிறான்.

அப்போ வறுமைக்குக் காரணம்தான் என்ன? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொல்கிறவரை நம்பாதீர்கள். நான் இரண்டு வாசல்களாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். வறுமை ஒரு கூட்டம் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடு இல்லை. ஒரு வாசல் வழியாக ஆட்கள் உள்ளே விழுந்துகொண்டே இருக்கிறார்கள், இன்னொரு வாசல் வழியாக ஏறி வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே விழுவதற்கான காரணங்களும், உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல் போவதற்கான காரணங்களும் வேறு வேறு.

விழ வைப்பவை பெரும்பாலும் அடிகள்: நோய், சம்பாதிப்பவரின் சாவு, வேலை போவது, விளைச்சல் பொய்ப்பது, போர். இவற்றில் நோய்தான் கொடியது. வரவை நிறுத்திவிட்டு, அதே நேரத்தில் செலவையும் ஏற்றிவிடும். மாட்டையோ நிலத்தையோ விற்று வைத்தியம் பார்த்த குடும்பம், நோயாளி பிழைத்த பிறகும் எழுந்திருக்காது, ஏனென்றால் பிழைப்புக்கான கருவியே போய்விட்டது. வெளியேற விடாமல் பிடித்து வைப்பவை வேறு: படிப்பின்மை, கடனுக்கு அதிக வட்டி, பக்கத்தில் நல்ல வேலை இல்லாதது, பிறப்பையும் நிறத்தையும் பாலினத்தையும் பார்த்துக் கதவடைக்கும் சமூகம், குழந்தைப் பருவத்திலேயே குன்றிப்போன உடல். இந்தப் பிரிவினையை மனதில் வையுங்கள். கீழே பல பதில்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

ரவுன்ட்ரீ இன்னொன்றையும் கவனித்தார். ஒரே தொழிலாளி வாழ்நாளில் மூன்று முறை வறுமைக்குள் போய் வருகிறார்: குழந்தையாக இருக்கும்போது, தனக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கும்போது, முதுமையில். 'ஏழைகள்' என்று நாம் சுட்டுகிற கூட்டம் வேறு யாரோ இல்லை, வயதின் வேறு கட்டத்தில் இருக்கும் அதே ஆள்தான்.

ஏழைங்க கைக்குக் காசு போனா குடிச்சுத் தீர்த்துடுவாங்களே?

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்த திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்தவர்கள் 2014-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குடிக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடவில்லை. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. குடியால் நாசமான குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். குடி வறுமைக்குள் தள்ளும் அடிகளில் ஒன்று என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உதவிப் பணம்தான் குடியைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளை வரிசையா பெத்துக்கிட்டா வறுமை வராம என்ன செய்யும்?

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கை இறுகும், உண்மை. ரவுன்ட்ரீ சொன்ன மூன்று கட்டங்களில் இரண்டு அதுதான். ஆனால் காரணம் எதிர்த் திசையிலும் ஓடுகிறது. பிறக்கிற பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத இடத்தில், முதுமையில் சோறு போட வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில், அதிகப் பிள்ளைகள்தான் காப்பீடு. வங்கதேசத்தில் 1970-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6-க்கு மேல் பிள்ளைகள். இன்று 2-ஐ ஒட்டி இருக்கிறது. நாடு பணக்கார நாடாகிவிட்டுப் பிறகு நடந்ததில்லை இது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், குழந்தைச் சாவு குறைந்தது, கருத்தடை வசதி வாசலுக்கே வந்தது.

சில நாடுகள் மொத்தமாவே ஏழையா இருக்கே, அது எப்படி?

நிலமும் தட்பவெப்பமும் கொஞ்சம், வரலாறு நிறைய, ஆட்சி அமைப்பு அதைவிட நிறைய என்பது என் கணிப்பு. கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மக்கள், ஒரே மொழி, 1945-ல் இரண்டாகப் பிரித்தார்கள். இன்று தெற்கு பணக்கார நாடுகளின் வரிசையில், வடக்கு பஞ்சத்தைப் பார்த்த நாடு. மக்களின் குணம்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு உதாரணத்தைத் தாண்டி வர வேண்டும்.

வரலாறு எப்படி அமுக்கும் என்பதற்கு ஹைத்தி. அடிமைகள் புரட்சி செய்து விடுதலை பெற்ற நாடு. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, எங்கள் சொத்தை இழந்ததற்கு ஈடு கொடு என்று 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் 'சொத்தில்' அந்த மனிதர்களும் அடக்கம். பின்னர் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி என்று ஓடி, கணக்கு முடிந்தது 1947-ல். பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வெளியே போனது. மறுபக்கம் போட்ஸ்வானா: 1966-ல் சுதந்திரம் அடைந்தபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, அடுத்த ஆண்டே வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. வைரம் கிடைத்த பல நாடுகள் உள்நாட்டுப் போரில் அழிந்தன. இவர்கள் வருமானத்தை அரசுக் கருவூலத்தில் சேர்த்து, பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார்கள். வேலையின்மையும் ஏற்றத்தாழ்வும் அங்கே இன்னும் அதிகம்தான், ஆனாலும் ஒரு தலைமுறையில் அடைந்த தூரம் பெரிது.

சரி, நேரா விஷயத்துக்கு வாங்க. அரசு செலவு செஞ்சா வறுமை குறையுமா? ஆமாவா, இல்லையா?

'மருந்து சாப்பிட்டால் நோய் தீருமா' என்று கேட்டால் மருத்துவர் எந்த மருந்து, எந்த நோய் என்றுதான் திருப்பிக் கேட்பார். அரசுச் செலவு என்பது ஒரே பொருள் இல்லை. முதியோர் ஓய்வூதியமும் செலவு, தடுப்பூசியும் செலவு, வசதியானவரின் காருக்குப் போகும் எரிபொருள் மானியமும் செலவு, யாருமே ஏறாத விமான நிலையமும் செலவு.

இரண்டு வாசல் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். விழும் வாசலை அடைக்கிற செலவு, அதாவது மருத்துவக் காப்பு, முதியோர் ஓய்வூதியம், வேலை இழந்தோர் உதவி, பயிர்க் காப்பீடு, பெரும்பாலும் வேலை செய்கிறது, பலனும் விரைவில் தெரிகிறது. தாய்லாந்து 2001-02-ல், ஒரு முறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கட்டினால் போதும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வைத்தியச் செலவால் ஏழையாகிற குடும்பங்கள் குறைந்தன, ஏழை மாகாணங்களில் குழந்தைச் சாவும் இறங்கியது.

வெளியேறும் வாசலைத் திறக்கிற செலவு மெதுவாகப் பலிக்கும், பல சமயம் அதைத் தொடங்கிய ஆட்சி போன பிறகுதான் தெரியும். இந்தோனேசியா 1973-க்கும் 1978-க்கும் இடையில், எண்ணெய் வருமானத்தை வைத்து 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் பார்த்தார். பள்ளிகள் அதிகம் வந்த பகுதிகளில் படிப்பும் கூடியிருந்தது, கூலியும் கூடியிருந்தது.

அமெரிக்கா 1964-லயே வறுமை மேல போர்னு அறிவிச்சுதே. இன்னும் அங்க ஏழைங்க இருக்காங்களே?

அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்த போர் அது. வறுமைதான் ஜெயித்தது என்று பிறகு ஒரு கிண்டல் உண்டு. அரசின் அதிகாரபூர்வப் புள்ளியைப் பார்த்தால் அந்தக் கிண்டல் நியாயம்போலத் தெரியும்: 1967-ல் 14 சதவீதம், 2012-ல் 15 சதவீதம். ஆனால் அந்த அளவு கையில் வரும் ரொக்கத்தை மட்டும்தான் எண்ணுகிறது. உணவு உதவி, வாடகை உதவி, வரிச் சலுகை, அதாவது போரில் பயன்படுத்திய முக்கிய ஆயுதங்கள் எதுவும் கணக்கில் இல்லை! அவற்றையும் சேர்த்துக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டபோது, அதே காலத்தில் வறுமை 26 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கியிருந்தது. இறக்கத்தின் பெரும்பகுதி அரசு உதவியால் வந்தது.

முதியவர்களைத் தனியாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1959-ல் அமெரிக்க முதியோரில் 35 சதவீதம் வறுமையில் இருந்தார்கள், பின்னர் அது 10 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. முதியவர்கள் திடீரென்று உழைப்பாளிகளாக மாறிவிடவில்லை. ஓய்வூதியம் கூடியது.

சும்மா காசு கொடுத்தா யாரு வேலைக்குப் போவா?

இந்தப் பயத்துக்கு வயது 200-க்கு மேல். 1795-ல் இங்கிலாந்தின் ஸ்பீனம்லாண்ட் என்ற இடத்தில், ரொட்டி விலை ஏறியபோது குறைந்த கூலிக்காரர்களுக்கு அரசு மேல்தொகை கொடுக்கும் முறை வந்தது. 1834-ல் ஓர் ஆணையம், இது மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்று அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் உதவி வேண்டுமானால் சிறை மாதிரியான உழைப்பு விடுதிக்குள் போ என்று சட்டம் கடுமையானது. பிற்கால வரலாற்றாய்வாளர்கள் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தபோது, முடிவை முன்பே எழுதிவிட்டுச் சாட்சி தேடியிருப்பது தெரிந்தது.

இக்காலச் சான்றுகள்: ஹொண்டுராஸ், இந்தோனேசியா, மெக்சிகோ, மொராக்கோ, நிகராகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளின் பணஉதவித் திட்டங்களை ஒப்பிட்ட ஆய்வு, பெரியவர்கள் வேலை செய்வது குறைந்ததாகக் காணவில்லை. அலாஸ்கா 1982 முதல் எண்ணெய் நிதியிலிருந்து ஆண்டுதோறும் எல்லாருக்கும் பணம் தருகிறது, அங்கேயும் வேலை செய்வோர் மொத்தத்தில் குறையவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை பெரும்பாலும் சிறிய தொகைகள், யாரும் அதை மட்டும் வைத்து வாழ முடியாது. முழுச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை பதில் ஆகாது. உதவி எப்படி நிறுத்தப்படுகிறது என்பதும் முக்கியம். அதைப் பின்னால் பார்ப்போம்.

மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கத்துக்கொடுன்னு சொல்வாங்களே?

நல்ல வாசகம், திட்டமாகப் போட்டால் பல சமயம் சொதப்புகிறது. தொழிற்பயிற்சித் திட்டங்களின் பலன் சராசரியில் சின்னதுதான். தூண்டிலும் ஆறும் இல்லாதவனுக்குப் பயிற்சியால் என்ன பயன்? சிறுகடன் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருந்தது. 2015-ல் ஆறு நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகள், அதனால் சிலருக்கு உதவி உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்றே சொல்லின.

பலித்தது, மீனையும் கொடுத்துத் தூண்டிலையும் கொடுத்துக் கற்றும் கொடுத்த முறை. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-ல் தொடங்கியது: அடித்தட்டுக் குடும்பத்துக்கு ஒரு மாடோ ஆடோ, அதைப் பராமரிக்கப் பயிற்சி, விற்றுச் சாப்பிட்டுவிடாமல் இருக்கச் சில காலம் சாப்பாட்டுக்குப் பணம், வாரந்தோறும் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஆள். வேறு ஆறு நாடுகளில் இதைச் சோதித்தபோது, உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் ஐந்து நாடுகளில் பலன் போட்ட பணத்தை மிஞ்சியது. ஹொண்டுராஸில் மட்டும் கை கொடுக்கவில்லை. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் செத்துவிட்டன. ஆய்வறிக்கையில் படித்த அந்த வாக்கியம் எனக்கு மறக்காது. ஏழையின் திட்டம் எதில் தோற்கும் என்று மேசையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

பணமா கொடுக்கிறது நல்லதா, பொருளா கொடுக்கிறது நல்லதா?

கடைகள் ஒழுங்காக இயங்கும் இடத்தில் பணம். எது தேவை என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், கொண்டுசேர்க்கும் செலவும் மிச்சம். கடை இல்லாத, ஒரே வியாபாரி ராஜ்ஜியம் நடத்தும் தொலைவூர்களில் பொருள் மேல். பணம் மட்டும் வந்தால் அவர் விலையை ஏற்றுவார், பொருள் வந்தால் இறக்க வேண்டியிருக்கும். பொருளாகக் கொடுப்பதில் இன்னொரு லாபம், விலைவாசி எகிறும்போது அதன் மதிப்பு கரையாது.

யார் கையில் கொடுப்பது என்பதும் கேள்வி. பிரிட்டன் 1970-களின் கடைசியில், தந்தையின் சம்பளத்தோடு வந்துகொண்டிருந்த பிள்ளைச் சலுகையைத் தாயின் கைக்கு மாற்றியது. அதன்பின் குழந்தைகளின் உடைகளுக்கான செலவு கூடியது தெரிந்தது. மெக்சிகோவின் 1997-ம் ஆண்டுத் திட்டமும், 2003-ல் தொடங்கிய பிரேசிலின் போல்சா பமிலியாவும் பெரும்பாலும் தாயிடம்தான் கொடுத்தன. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. போல்சா பமிலியா பல ஆண்டுகள் நாட்டு உற்பத்தியில் சுமார் அரை சதவீதச் செலவிலேயே ஓடியது.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா? நடுவுல இருக்கிறவங்களே தின்னுட மாட்டாங்களா?

தின்பார்கள். உகாண்டாவில் 1991-95 காலத்தில், பள்ளிகளுக்கு மாணவர் கணக்கில் அனுப்பிய நிதியில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பல பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு அரசு பெரிய படை எதையும் அனுப்பவில்லை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று நாளிதழ்களில் போட்டது, பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. சில ஆண்டுகளில் போய்ச்சேரும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது நடந்த வேறு சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், 'எனக்கு வர வேண்டியது எவ்வளவு' என்று தலைமையாசிரியருக்குத் தெரிவதே பாதி காவல்.

கசிகிறது என்பதால் செலவே வேண்டாம் என்பவர்களிடம் நான் கேட்பது: குழாய் ஒழுகினால் குழாயை மாற்றுவோமா, தண்ணீர் குடிப்பதை நிறுத்துவோமா?

ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தா போதாதா? வசதியானவங்களுக்கும் ஏன்?

காகிதத்தில் அதுதான் சிக்கனம். நடைமுறையில் யார் ஏழை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முறையான சம்பளச் சீட்டு இல்லாத நாடுகளில் கூரையையும் சுவரையும் வீட்டுச் சாமானையும் பார்த்து ஊகிக்கிறார்கள். தகுதியில்லாதவர் உள்ளே வருவது ஒரு பிழை, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது இன்னொரு பிழை. முதலாவதைப் பற்றித்தான் ஊர் பேசும். இரண்டாவது பிழையில் மாட்டிக்கொண்டவர் பேசுவதை யாரும் கேட்பதில்லை. படிவம், சான்றிதழ், ஐந்து முறை அலைச்சல் என்று வைத்தால் நாள்கூலியை இழக்க முடியாதவர்தான் முதலில் விட்டுவிடுவார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி, மருத்துவம், முதியோர் ஓய்வூதியம், குழந்தை உதவி ஆகியவற்றை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வசதியானவரிடமிருந்து வரியாகத் திரும்ப எடுப்பது எளிது. வீடு, கடன் தள்ளுபடி போன்ற பெரிய தொகைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? அச்சடிச்சா விலைவாசி ஏறாதா?

அச்சடித்தால் ஏறும், ஏழைகளைத்தான் முதலில் கடிக்கும். அவர்களிடம் இருப்பது ரொக்கம் மட்டும், நிலமோ தங்கமோ இல்லை. ஈரான் 2010-ல் எரிபொருள் மானியத்தை வெட்டி, மிச்சப் பணத்தை மாதாமாதம் மக்களின் வங்கிக் கணக்கில் போட்டது. தொடக்கத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் தொகையை உயர்த்தாமலே விட்டார்கள், விலைவாசி அதன் மதிப்பைச் சில ஆண்டுகளில் தின்றுவிட்டது.

கொடுக்கிற எல்லாப் பணமும் விலையை ஏற்றும் என்பதும் சரியில்லை. கென்யாவின் கிராமப்புறத்தில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்குச் சுமார் 1,000 டாலர் கொடுத்துப் பார்த்த சோதனையில் விலையேற்றம் மிக மிகச் சொற்பம். பணம் வாங்காத பக்கத்து வீட்டாரின் வருமானமும் கூடியது, கடைகளில் வியாபாரம் நடந்ததால். இன்னொன்று, சில செலவுகள் தாமே திரும்பி வருகின்றன. அமெரிக்காவின் 133 அரசுத் திட்டங்களை 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் செய்த செலவுகளில் பல, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகிக் கட்டிய வரியிலேயே ஈடாகிவிட்டன.

நாடு வளர்ந்தா வறுமை தானா போயிடும். சீனாவைப் பாருங்க, அரசு ஒதுங்கினதாலதானே வளர்ந்தது?

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1978-க்குப் பின் நிலத்தில் விளைவதைக் குடும்பமே விற்றுக்கொள்ளலாம் என்று விட்டதும் விளைச்சல் பாய்ந்தது. நாற்பது ஆண்டுகளில் 80 கோடிக்கு அருகில் மக்கள் கொடிய வறுமையைத் தாண்டினார்கள். எந்த நலத்திட்டமும் இந்த அளவில் சாதித்ததில்லை. அதற்கு முன் 1958-க்குப் பிறகான சில ஆண்டுகளில், அதே அரசின் பிடிவாதம் கோடிக்கணக்கானவர்களைப் பட்டினியில் கொன்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபாதி: வாய்ப்பு திறந்தபோது அதைப் பிடித்துக்கொள்ள எழுத்தறிவும் ஓரளவு உடல்நலமும் கையில் துண்டு நிலமும் உள்ள மக்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அவை அரசு போட்ட முதல். பிறகு சாலையும் துறைமுகமும் மின்சாரமும் அரசுதான் போட்டது. வளர்ச்சி வெளியேறும் வாசலை அகலப்படுத்துகிறது. விழும் வாசலை அது மூடுவதில்லை. எவ்வளவு பணக்கார நாட்டிலும் ஆளுக்குப் புற்றுநோய் வரும், ஆலை மூடும்.

அரசு செலவே ஏழைகளைக் கெடுத்த உதாரணம் உண்டா? மறைக்காம சொல்லுங்க.

உண்டு, தாராளமாக. எரிபொருள் மானியம் முதலில். வளரும் நாடுகளில், மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்கு அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கினரைப்போல் ஆறு மடங்கு மானியம் போகிறது என்று சர்வதேச நாணய நிதியத்தைச் சேர்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழையின் பேரைச் சொல்லிக் கார் வைத்திருப்பவருக்கு ஊற்றுவது.

அடுத்தது, முன்பு தள்ளிவைத்த விஷயம்: உதவியை நிறுத்தும் விதம். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியதும் மொத்த உதவியும் நின்றுவிட்டால், சம்பளம் கொஞ்சம் கூடுகிறவர் கையில் மிஞ்சுவது குறைந்துவிடும். அவர் கூடுதல் வேலையை மறுத்தால் அதைச் சோம்பேறித்தனம் என்போம், உண்மையில் அது சரியான கணக்கு. பிரிட்டனில் சம்பளம் ஒரு பவுண்டு கூடினால் உதவியில் 63 பென்ஸ் வெட்டினார்கள், 2021 கடைசியில் அதை 55 ஆக்கினார்கள். அப்போதும் பாதிக்கு மேல் போகிறது. ஒரு கோடீசுவரருக்கு இவ்வளவு வரி போட்டால் நாடு தாங்குமா?

பணக்காரங்க தர்மம் செஞ்சா போதாதா? அரசு எதுக்கு?

தர்மம் நல்லது, ஆனால் மழை பெய்யும்போது குடை சுருங்கும். நாடு நொடிக்கும்போதுதான் உதவி அதிகம் தேவை, அப்போதுதான் கொடுப்பவர் கையும் இறுகுகிறது. 1930-களின் பெருமந்தத்தில், அமெரிக்காவில் அதிபர் ஹூவரின் ஆட்சி முதலில் தொண்டு அமைப்புகளையும் உள்ளாட்சிகளையும் நம்பியது. அவை திணறிப்போயின. 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். புதிய முறைகளைச் சின்ன அளவில் சோதித்துப் பார்ப்பதில் தொண்டு அமைப்புகள் அரசைவிடத் துணிச்சல் காட்டும். மேலே சொன்ன பிராக் அதற்கு நல்ல உதாரணம்.

கடைசியா ஒண்ணு. வறுமையை முழுசா ஒழிக்க முடியுமா, இல்ல இதெல்லாம் பேச்சுதானா?

விழும் வாசல் இருக்கும் வரை யாராவது விழுவார்கள். எவ்வளவு பேர், எவ்வளவு காலம் உள்ளே கிடப்பார்கள் என்பது பெரும்பாலும் முடிவெடுக்கும் விஷயம். அமெரிக்காவில் 2021-ல் பிள்ளைகளுக்கான வரிச் சலுகையை உயர்த்தினார்கள். 6 வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 3,600 டாலர், மற்ற பிள்ளைகளுக்கு 3,000, வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் உண்டு, பாதியை ஜூலை முதல் மாதாமாதம் கணக்கில் போட்டார்கள். உதவிகளையும் எண்ணுகிற அளவில் குழந்தை வறுமை 2020-ல் 9.7 சதவீதமாக இருந்தது, 2021-ல் 5.2 ஆகியது. ஓராண்டுக்கு மட்டும் போட்ட சட்டம் அது. நீட்டிக்க செனட்டில் வாக்குகள் போதவில்லை. 2022-ல் 12.4.